கடல் கடந்த வேலையும் கைப்பேசி விளம்பரமும்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் சாலையில் உள்ள கே.ஜி.கண்டிகையில் ஓர் அங்கத்தினரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். இரண்டு விசைத்தறிகளும், ஊரை அடுத்து முக்கால் ஏக்கர் நிலக்கடலைப் புன்செய்யும் அவருடைய உடைமை. எப்பொழுதும் தெருமுனையிலேயே நம் காதில் விழும் தறியோசை அன்று கேட்கவில்லை. திண்ணையில் தாயும் தந்தையும் மகனும் ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்திருந்தனர். தாயின் மடியில் சிறு துணி முடிச்சு ஒன்று இருந்தது. அதற்குள் இருந்தவை அவருடைய வளையல்கள் என்பது பின்னரே நமக்குத் தெரிந்தது.

மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்றுத் தேறியவர். இணையத்தில் உள்ள வேலைவாய்ப்புத் தளங்கள் சிலவற்றில் தம் பெயரைப் பதிந்து வைத்திருந்தார். பத்து நாட்களுக்கு முன் வாட்ஸ்அப் வழியாக ஒரு செய்தி வந்தது. துபாயில் வேலை, திங்கள்தோறும் 2,500 திர்ஹம் ஊதியம், உணவும் உறைவிடமும் இலவசம். அதன் பின் முத்திரையும் கையொப்பமும் இட்ட நியமனக் கடிதமும் வந்தது. மருத்துவப் பரிசோதனைக்கென 8,500 ரூபாய் கேட்டனர், கொடுத்தாயிற்று. இப்பொழுது விசாக் கட்டணம் 45,000 ரூபாய் வேண்டுமாம்.

"நைனா, இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடுமாம்" என்றார் மகன். தந்தை நம்மை நோக்கி, "ஐயா, நீங்கள் நாலு எழுத்துப் படித்தவர்கள். நகையை அடகு வைக்கலாமா, வேண்டாமா? ஒரு சொல் சொல்லுங்கள்" என்றார்.

அந்த ஒரு சொல்லை அன்று அவருக்குச் சொன்னோம். அதையே நம் அங்கத்தினர் அனைவருக்கும் விரிவாகச் சொல்வது நம் கடமை எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கங்காணி காலமும் நம் காலமும்

கடல் கடந்து பொருள் ஈட்டுவது தமிழருக்குப் புதியதன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் சென்றனர். அக்காலத்தில் ஊருக்கு வந்து ஆள் சேர்த்தவன் கங்காணி. முன்பணம் கொடுத்து, கப்பல் செலவும் செய்து அழைத்துச் செல்வான். அச்செலவு முழுவதும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். இலங்கையில் அக்கடனை ஒரு சீட்டில் குறித்து வைத்தனர். அதற்குத் துண்டு என்று பெயர். அத்துண்டைத் தீர்க்காமல் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்திற்குப் போக இயலாது. பல இன்னல்களுக்குப் பின் 1921-ஆம் ஆண்டில்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1973-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறிய பின், வளைகுடா நாடுகளில் கட்டட வேலைகளும் தொழிற்சாலைகளும் பெருகின. நம் நாட்டினர் அங்குச் செல்லத் தொடங்கினர். சௌதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகளையும் நாம் வளைகுடா என்று குறிக்கிறோம். அங்குச் சென்று உழைத்து, வீடு கட்டி, தங்கையின் திருமணத்தை முடித்து, தம்பியைப் படிக்க வைத்தவர்கள் பலர். ஆகவே வெளிநாட்டு வேலையே தீது என்று நாம் கூறவில்லை. கூலி குறைந்து தறி நிற்கும் வீட்டு இளைஞர் வெளியூர் வேலை தேடுவதில் தவறில்லை.

கங்காணி ஊரார் அறிந்த முகம். அவன் ஏமாற்றினால் அவன் வீட்டு வாயிலில் நின்று கேட்கலாம். இன்றைய விளம்பரத்திற்கு முகமே இல்லை. எனினும் கடன் மட்டும் அன்றிருந்தவாறே தொழிலாளியின் தலையில்தான் ஏறுகிறது.

இணையத்தளம் என்பது யாது?

நௌக்ரி கல்ஃப், பெய்ட், ஃபவுண்டிட் முதலிய தளங்களின் பெயரை நம் இளைஞர் பலரும் அறிவர். பெய்ட் 2000-ஆம் ஆண்டில் துபாயில் தொடங்கப்பட்டது. நௌக்ரி கல்ஃப், நம் நாட்டில் 1997-இல் தோன்றிய நௌக்ரி தளத்தின் உடன்பிறப்பு. மான்ஸ்டர் என்ற பெயரில் இயங்கிய தளம் 2022 முதல் ஃபவுண்டிட் என வழங்குகிறது. இத்தளங்களுக்கு முக்கியமான வருவாய், ஆள் தேடும் நிறுவனங்கள் கட்டும் விளம்பரக் கட்டணமே. வேலை தேடுவோர் பெயர் பதியவும் விண்ணப்பிக்கவும் கட்டணம் இல்லை. தகுதிக் குறிப்பை அழகுபட எழுதித் தருவது போன்ற சேவைகளுக்குக் கட்டணம் கேட்பதுண்டு. அவற்றை வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

இத்தளத்தைச் சந்தைத் திடலில் உள்ள அறிவிப்புப் பலகைக்கு ஒப்பிடலாம். பலகையில் எழுதியிருப்பது செய்தி. அதுவே வேலை ஆகிவிடாது. எழுதியவர் யார், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதைப் பலகை நமக்குச் சொல்லாது. மேலும், தளத்தில் நாம் பதிந்த பெயரும் கைப்பேசி எண்ணும் பிறர் கையில் சிக்கிவிட்டால், தளத்திற்குத் தொடர்பே இல்லாத ஒருவன் அத்தளத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நம்மை அழைக்கவும் கூடும். கே.ஜி.கண்டிகை இளைஞருக்கு வந்த அழைப்பும் தளத்தின் வழியாக வரவில்லை. தனி எண்ணிலிருந்தே வந்தது.

நெசவாளர் நூல் வாங்கும்போது கட்டின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் நம்புவதில்லை. கட்டைப் பிரித்து, சிட்டத்தை எண்ணி, இழையை இழுத்துப் பார்க்கிறார். உழவர் விதை வாங்கும்போது மூட்டையில் சான்று அட்டை உண்டா, அதில் காலாவதி நாள் என்ன என்று பார்க்கிறார். ஒரு பாவுக்கும் ஒரு போகத்திற்கும் இவ்வளவு சோதனை செய்யும் நாம், மகனின் வாழ்வுக்குச் சோதனை செய்யாது விடலாமா?

அன்று திண்ணையில் நாம் செய்த சோதனை

முதலில் கடிதம் வந்த மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தோம். அது நிறுவனத்தின் பெயரில் அமைந்த முகவரி அன்று. எவரும் இலவசமாகத் தொடங்கிக் கொள்ளக்கூடிய முகவரி.

இரண்டாவதாக, அந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தைத் தேடிப் பார்த்தோம். "நிறுவனம் மெய்யாகவே இருக்கிறது, ஐயா. கட்டடத்தின் படத்தைக்கூட நான் பார்த்தேன்" என்று இளைஞர் கூறியது உண்மைதான். ஆனால் அத்தளத்தின் வேலைப் பட்டியலில் மின்பணியாளர் இடம் ஏதும் இல்லை. நிறுவனம் மெய், கடிதம் பொய். பெரிய நிறுவனங்களின் பெயரைத் திருடுவதே இவ்வஞ்சகர்களின் வழக்கம்.

மூன்றாவதாக, பணம் செலுத்தச் சொன்ன கணக்கு யாருடையது என்று பார்த்தோம். நிறுவனக் கணக்கன்று, தனி மனிதர் ஒருவரின் சேமிப்புக் கணக்கு.

நான்காவதாக, அழைத்தவர் சொன்ன ஏஜென்சியின் பெயர் இந்திய அரசின் பதிவேட்டில் உண்டா என்று பார்த்தோம், இல்லை.

இந்நான்கையும் பார்க்க நமக்கு அரை மணி நேரத்திற்கு மேல் ஆகவில்லை. "இரவுக்குள்" என்று அவசரப்படுத்துவதெல்லாம் அந்த அரை மணி நேரத்தை நமக்குக் கொடாதிருப்பதற்கே என்பதை அங்கத்தினர்கள் நன்கு உணர வேண்டும்.

சட்டம் நமக்குத் தரும் துணை

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதை இந்நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஒழுங்கு செய்கிறது. பதிவுச் சான்று பெறாதவர் ஆள் சேர்ப்பது குற்றம். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல், வெளியுறவு அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் இணையத்தளத்தில் எவரும் பார்க்கும் வண்ணம் வைக்கப்பட்டிருக்கிறது. பதிவின்றித் தொழில் நடத்துவதாகப் புகாருக்கு உள்ளானோர் பட்டியலும் அங்கே உண்டு. ஏஜெண்டு தம் பதிவு எண்ணைச் சொல்லத் தயங்கினால், அத்துடன் பேச்சை நிறுத்திக் கொள்வதே அறிவுடைமை.

பதிவு பெற்ற ஏஜெண்டு வேலை தேடுவோரிடம் பெறக்கூடிய சேவைக் கட்டணத்திற்கு ஓர் எல்லை உண்டு. அது 30,000 ரூபாய். 18 விழுக்காடு சரக்கு சேவை வரியைச் சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கும் ரசீது தரவேண்டும். இதற்கு மேல் கேட்பவர் எவராயினும் சட்டத்தை மீறுகிறார்.

அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஆள் சேர்க்கும் செலவை முதலாளி தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. ஆகவே துபாய் நிறுவனமே விசாவுக்குப் பணம் கேட்கிறது என்று ஒருவர் சொல்வாரானால், அச்சொல்லே அவர்மீது நாம் ஐயம் கொள்ளப் போதிய காரணம் ஆகும். மேலும், 2016 முதல் அமீரகத்தில் வேலைக்குச் செல்வோர் கையெழுத்திடும் நியமனக் கடிதம் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் வகுத்த படிவத்தில் இருக்க வேண்டும். அரபியும் ஆங்கிலமும் அல்லாமல் தொழிலாளி அறிந்த மொழியிலும் அது தரப்பெறுகிறது; அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. நமக்குப் புரியாத தாளில் கையெழுத்திட வேண்டிய நிலை இன்று இல்லை.

கத்தாருக்குச் செல்வோருக்கு 2019 முதல் நம் நாட்டிலேயே விசா மையங்கள் இயங்குகின்றன. சென்னையிலும் ஒன்று உண்டு. மருத்துவப் பரிசோதனையும் ஒப்பந்தக் கையெழுத்தும் அங்கேயே நடைபெறும். அச்செலவு முதலாளியைச் சார்ந்தது. பிற வளைகுடா நாடுகள் கேட்கும் முன்பரிசோதனையை, அந்நாடுகள் ஒப்புக்கொண்ட மருத்துவ நிலையத்தில், வாஃபித் என்னும் பதிவு முறையின் வழியாகவே செய்துகொள்ள வேண்டும். எவரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கில் பரிசோதனைக் கட்டணத்தைச் செலுத்துவது முறையன்று.

பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு ஓர் எச்சரிக்கை

பத்தாம் வகுப்புத் தேறாதோரின் கடவுச்சீட்டு, குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. இத்தகையோர் வேலை விசாவில் 18 நாடுகளுக்குச் செல்லுமுன், குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதி பெறவேண்டும். வளைகுடாவின் ஆறு நாடுகளும் இப்பதினெட்டில் அடங்கும். அனுமதி தருமுன் முதலாளியின் பதிவும் ஒப்பந்தமும் பார்க்கப்படுகின்றன.

பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு இந்த அனுமதி தேவையில்லை. இதைப் பலர் சலுகை என்று மகிழ்கின்றனர். மற்றொரு புறத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அனுமதி தேவையில்லை என்றால், அவருடைய காகிதங்களை அரசு அலுவலர் எவரும் பார்ப்பதில்லை என்பதே பொருள். கே.ஜி.கண்டிகை இளைஞர் பன்னிரண்டாம் வகுப்பும் தேறியவர். படித்தவர் ஏமாறமாட்டார் என்ற எண்ணமே அவரை வழுக்கிவிடப் பார்த்தது. படித்தவர் தம் காகிதங்களைத் தாமே இருமடங்கு சோதித்துக்கொள்ள வேண்டும்.

சோதனையைத் தவிர்ப்பதற்காகச் சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்குச் சென்றபின் மாற்றிக் கொள்ளலாம் என்று கூறும் தரகர் உண்டு. சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே சட்ட விரோதம். ஊதியம் கொடாவிட்டால் கேட்க வழியின்றி, பிடிபட்டால் தண்டனைக்கும் ஆளாக நேரும். 2022-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்ற இணைய விளம்பரத்தை நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர் பலர், மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலையில் கட்டாயப்படுத்தப்பட்டதை நாடறியும். விளம்பரம் சொன்ன ஊர் ஒன்று; கொண்டு சேர்த்த ஊர் வேறு.

குடும்பப் பெண்கள் இவ்விஷயத்தில் மேலும் கவனம் கொள்ள வேண்டும். சோதனை தேவைப்படும் கடவுச்சீட்டுடைய பெண்கள் இந்நாடுகளில் வேலைக்குச் செல்ல 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2016 முதல் அவர்களைச் சேர்க்கும் பணி அரசு சார்ந்த நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்கிறேன் என்று தனியார் ஒருவர் வாசலில் வந்து நின்றால், அவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்கலாகாது.

வட்டிக் கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரகர் ஒருவர் ஒன்றரை இலட்சம் ரூபாய் கேட்கிறார் என்று கொள்வோம். நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினால், திங்கள்தோறும் வட்டி மட்டும் 4,500 ரூபாய். இரண்டாண்டு ஒப்பந்தம் முடியும்போது வட்டி மட்டும் 1,08,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். இதே இரண்டாண்டில் சேமித்தது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால், பலருக்கு எஞ்சுவது உழைத்துக் களைத்த உடல் மட்டுமே.

கடன் வேறொரு தீங்கும் செய்கிறது. சொன்ன ஊதியம் ஒன்று, கொடுக்கும் ஊதியம் வேறு என்று அறிந்தும், திரும்பி வரத் தொழிலாளிக்குத் துணிவு பிறவாது. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறதே என்ற அச்சம் அவரை அங்கேயே கட்டிப் போடும். பழைய துண்டுச் சீட்டின் வேலையை இன்று அடகுச் சீட்டு செய்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904-ஆம் ஆண்டிலேயே வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்டது. வட்டிக் கடையின் வாயிலில் உழவர் நிற்கலாகாது என்பதே அம்முன்னோரின் நோக்கம். அந்நோக்கத்தை விசாவுக்காக நாம் மறந்துவிடலாகாது.

ஊதியத்தோடு உறைவிடத்தையும் கேளுங்கள்

ஒப்பந்தத்தில் ஊதியத்தை மட்டும் பார்ப்பது போதாது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பற்றியது. உயிரிழந்தோரில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களுள் எழுவர் தமிழர். விடியற்காலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எங்கே தங்க வைப்பார்கள், ஓர் அறைக்கு எத்தனை பேர், முன்னரே அங்குள்ள நம்மவர் யார் என்று கேட்டறிவது அற்ப விஷயமன்று.

குடிபெயர்வுச் சோதனைக்கு உட்பட்டுச் செல்வோர் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீட்டைப் பெறவேண்டும். இரண்டாண்டுக்குக் கட்டணம் 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஒப்பந்தம், விசா, கடவுச்சீட்டு, காப்பீடு ஆகிய நான்கின் படிகளையும் வீட்டில் ஒரு தொகுதி வைத்துச் செல்ல வேண்டும். அங்குச் சேர்ந்தபின் கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அந்நாடுகளின் விதிகளுக்கே மாறானது.

சங்கம் செய்யக்கூடியது

தமிழ்நாடு அரசு 1978-ஆம் ஆண்டிலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தது. அதன் இணையத்தளத்தில் வேலை அறிவிப்புகள் வெளிவருகின்றன. நம் இளைஞர் தனியார் தளங்களில் பதிவதற்கு முன் அங்கே பதிவது நலம்.

நம் சங்கங்கள் ஒரு சிறு ஏற்பாடு செய்யலாம். பல தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் இன்று பொதுச் சேவை மையமும் கணினியும் இருக்கின்றன. திங்களுக்கு ஒரு நாள் பிற்பகலில், வெளிநாட்டுக் கடிதம் வந்த அங்கத்தினர் அதைக் கொண்டுவரட்டும். படித்த இளைஞர் இருவர் உடனிருந்து, மின்னஞ்சல் முகவரி, நிறுவனத்தின் தளம், பதிவேட்டில் பெயர், பணம் கேட்ட கணக்கு ஆகிய நான்கையும் பார்த்துச் சொல்லட்டும். வெளிநாட்டுச் செலவுக்கென நகைக்கடன் கேட்டு வருவோர்க்கும் இச்சோதனை முடிந்த பிறகே பணம் வாங்குமாறு செயலாளர்கள் அறிவுரை கூறலாம். இதற்குப் புதிய நிதி எதுவும் வேண்டியதில்லை. அரை மணி நேரப் பொறுமையே வேண்டும்.

ஏமாந்தவர்கள் வெட்கி வாளாவிருத்தல் கூடாது. இணையப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். தாமதமின்றிச் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வெளிநாட்டு வேலை குறித்த ஐயங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் இலவச எண் 1800 11 3090.

கே.ஜி.கண்டிகைக் குடும்பத்தார் அன்றிரவு 45,000 ரூபாயைக் கட்டவில்லை. முன்னர்க் கொடுத்த 8,500 ரூபாய் குறித்துப் புகார் செய்துள்ளனர். பணம் இன்னும் திரும்பவில்லை. இளைஞர் அரசு நிறுவனத்தில் பெயர் பதிந்திருக்கிறார். அழைப்பு இன்னும் வரவில்லை. அதுவரை ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் மின்பணிக்குச் சென்று வருகிறார். நாம் விடைபெறும்போது தாயார் முடிச்சை அவிழ்த்து வளையல்களைக் கையில் அணிந்துகொண்டார். தந்தை உள்ளே சென்று தறியை ஓட்டினார்.

வேலை கடல் கடந்து இருக்கலாம். சோதனை நம் திண்ணையிலேயே முடிய வேண்டும். பணம் கொடுத்த பின் விசாரிப்பதை விட்டு, விசாரித்த பின் பணம் கொடுப்போம் என்று அங்கத்தினர் ஒவ்வொருவரும் உறுதி கொள்வாராக.